விமானம் மாறும் உறவினருக்குத் தலைநகரை எப்படிக் காட்டுவது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி விடுமுறைக் காலம் நெருங்கும்போதெல்லாம் திருச்சியிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஆஸ்திரேலியாவுக்கோ நியூசிலாந்துக்கோ செல்லும் நம் உறவினர்கள் கோலாலம்பூரில் விமானம் மாறுவது வழக்கமாகிவிட்டது. மலிவான பயணச்சீட்டுகளில் இந்த இடைவேளை பெரும்பாலும் எட்டு மணி நேரத்துக்குக் குறையாது; சில வேளைகளில் பதினான்கு மணி நேரம்கூட ஆகும். "உங்க ஊர் வழியாத்தான் போறோம், கொஞ்சம் சுத்திக் காட்டுங்களேன்" என்று புலனச் (வாட்ஸ்அப்) செய்தி வந்தவுடன், நாம் காரை எடுத்துக்கொண்டு விமான நிலையம் இருக்கும் செப்பாங்குக்கு ஓடுகிறோம். இரட்டைக் கோபுரம், பத்துமலை, ஒரு பேரங்காடி, இறுதியில் வீட்டில் விருந்து என நான்கையும் ஒரே நாளில் முடித்துவிடத் திட்டமிடுகிறோம். இந்த விருந்தோம்பலில் அன்பு நிறைய இருக்கிறது; ஆனால் வந்தவர் நகரத்தைக் காரின் கண்ணாடி வழியாகத்தான் பார்த்துவிட்டுப் போகிறார். பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் நெடுங்காலமாகக் குடியிருந்து, பெட்டியை இழுத்துக்கொண்டு வழி கேட்கும் பயணிகளை அன்றாடம் சந்திப்பவன் என்ற முறையில் என் கருத்தை எழுதுகிறேன். இடைவேளையில் வருபவருக்கு ஒரே ஒரு திசையைத் தேர்ந்தெடுங்கள். அவரை ரயிலில் அழைத்துச் செல்லுங்கள். பழைய நகரத்தில் நடக்க வையுங்கள்.

முதலில் நேரக் கணக்கைச் சரியாகப் போட வேண்டும். காலை ஏழு மணிக்கு இறங்கி, இரவு ஏழு மணிக்கு அடுத்த விமானம் என்றால் கையில் பன்னிரண்டு மணி நேரம் இருப்பதாகத் தோன்றும். கணக்கை அடுத்த விமானத்தின் நேரத்திலிருந்து பின்னோக்கிப் போட்டுப் பாருங்கள். பன்னாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக, அதாவது மாலை நான்கு மணிக்கு அவர் விமான நிலையத்தில் இருக்க வேண்டும். அதற்கு மூன்றேகாலுக்கு, நகரின் மைய ரயில் நிலையமான கே.எல். சென்ட்ரலைவிட்டுப் புறப்பட வேண்டும். காலையில் விமானத்திலிருந்து இறங்கி, நடந்து, குடிநுழைவு வரிசையில் நின்று வெளியே வர ஒன்றரை மணி நேரம் ஆகலாம். பல விமானங்கள் ஒரே நேரத்தில் வந்திறங்கும் வேளையில் இதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ரயிலுக்குக் காத்திருந்து நகரத்தை வந்தடையும்போது ஒன்பதேகால் ஆகிவிடும். ஆக, பன்னிரண்டு மணி நேரத்தில் நகரத்துக்கென்று மிஞ்சுவது ஆறு மணி நேரம்தான். இதே கணக்கில் எட்டு மணி நேர இடைவேளையில் மிஞ்சுவது இரண்டே மணி நேரம். இந்த இரண்டு மணி நேரத்துக்குள் பத்துமலையையும் திணிக்க முயல்பவர்கள்தான், கோபுர வாசலில் நின்றுகொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இருப்பவர்கள்.

ஆவணங்களைப் பற்றி உறவினரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நம் பொறுப்பு. இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் 2023 டிசம்பர் 1 முதல் விசா இல்லாமல் 30 நாள் வரை தங்கலாம் என்ற சலுகை 2026 இறுதி வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. இந்தச் சலுகை வந்த பிறகுதான் இடைவேளையில் வெளியே வரும் வழக்கமே நம்மவரிடையே பெருகியது. ஆனால் விசா வேண்டாம் என்பதற்காக எதுவுமே வேண்டாம் என்று பொருளில்லை. 2024 ஜனவரி முதல் வெளிநாட்டவர்கள் மின்னியல் வருகை அட்டையை, நாட்டுக்குள் நுழைவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். இதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் இணையத்தளம் எதுவானாலும் அதை மூடிவிடச் சொல்லுங்கள். குடிநுழைவைத் தாண்டாமல் உள்ளேயே காத்திருப்பவர்களுக்கு இந்த அட்டை தேவையில்லை என்பதால், பலர் கடைசி நேரத்தில் வெளியே வர முடிவெடுத்துவிட்டு, வரிசையில் நின்றுகொண்டே கைப்பேசியில் அதை நிரப்புகிறார்கள். இலங்கையிலிருந்து வரும் உறவினர்கள் தங்களுக்குரிய விசா விதியைப் பயணச்சீட்டு வாங்கும்போதே கேட்டறிவது நல்லது.

பெட்டிகளின் கதை தனி. இரண்டு விமானங்களும் ஒரே பயணச்சீட்டில் இருந்தால் பெட்டி நேராக அடுத்த விமானத்துக்குப் போய்விடும். வெறுங்கையோடு ஊர் சுற்றலாம். மலிவு விலைக்காகத் தனித்தனியாக இரு சீட்டுகள் வாங்கியவர்கள் தங்கள் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, மறுபடியும் அதை ஒப்படைக்க வேண்டியிருக்கும். அவர்கள் விமான நிலையத்திலேயே கட்டணம் செலுத்திப் பெட்டியை வைத்துவிட்டு வர வேண்டும். முப்பது கிலோ பெட்டியோடு கே.எல். சென்ட்ரலின் நகரும் படிக்கட்டில் ஏறும் முதியவர்களைப் பார்க்கும்போதெல்லாம், இவர்களை வரச் சொன்ன பிள்ளைகள் இதை ஏன் சொல்லவில்லை என்று தோன்றும். முதல் முனையத்தில் இறங்கி இரண்டாம் முனையத்தில் ஏறுபவர்களானால், அங்கிருந்து இங்கு செல்ல ரயிலில் இரண்டு வெள்ளிதான் (ரிங்கிட்). ஆனால் அதற்கும் நேரம் ஒதுக்க வேண்டும்.

இனி ரயில். விமான நிலையத்திலிருந்து கே.எல். சென்ட்ரல் வரை 57 கிலோமீட்டர். விரைவு ரயில் முதல் முனையத்திலிருந்து 28 நிமிடத்திலும், இரண்டாம் முனையத்திலிருந்து 33 நிமிடத்திலும் வந்து சேர்கிறது. பெரியவர்களுக்கு ஒருவழிக் கட்டணம் 55 வெள்ளி. பேருந்தில் வந்தால் இதில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாது. ஆனால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் பிடிக்கும். நால்வர் கொண்ட குடும்பத்துக்கு ரயில் செலவு கையைக் கடிக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. அப்படிப்பட்டவர்கள் காலையில் வரும்போது கிரேப் வாடகைக் காரிலோ பேருந்திலோ வரட்டும். மாலையில் திரும்பும்போது மட்டும் ரயிலைப் பிடிக்கட்டும். நம் தலைநகரில் மாலை ஐந்து மணிக்கு மேல், அதிலும் மழை பிடித்துக்கொண்டால், விமான நிலையப் பக்கம் செல்லும் மெக்ஸ் நெடுஞ்சாலைக்குப் போய்ச் சேர்வதற்குள் என்ன ஆகும் என்பதை இந்நாளிதழின் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அடுத்த விமானத்துக்கு நேரமாகிக்கொண்டிருக்கும்போது நெரிசலில் நிற்கும் காரைவிடக் கொடிய இடம் வேறில்லை.

இதனால்தான், விமான நிலையத்துக்கே போய் வரவேற்கும் வழக்கத்தைக் கைவிடலாம் என்கிறேன். கே.எல். சென்ட்ரலில் விரைவு ரயில் வந்து நிற்கும் வாயிலில் நின்று வரவேற்றாலே போதும். நமக்கு டோலும் கார் நிறுத்தக் கட்டணமும் மிச்சம். அவர்களுக்கு ஒரு மணி நேரம் மிச்சம். பேறுகாலத்துக்கு மகளைப் பார்க்கச் செல்லும், முதன்முறையாக விமானம் ஏறிய தாய்மார்கள் தனியாக வருகிறார்கள் என்றால் மட்டும் நேரில் போய் அழைத்து வருவதே முறை. அங்கே கணக்குப் பார்க்கக் கூடாது.

கே.எல். சென்ட்ரலில் இறங்கியவரை உடனே வேறெங்கோ கொண்டு செல்லத் துடிக்கிறோம். பார்க்க வேண்டிய இடம் வாசலிலேயே இருக்கிறது. 1881-இல் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து வந்து, பலகையும் அத்தாப்பு ஓலையுமாக இருந்த கோலாலம்பூரை அழித்த பிறகு, கட்டடங்களைச் செங்கல்லில் கட்ட வேண்டும் என்று ஆட்சியாளர்கள் முடிவெடுத்தார்கள். அந்தச் செங்கற்களுக்கான சூளைகள் இயங்கிய நிலப்பகுதியே பிரிக்பீல்ட்ஸ். 1886-இல் கிள்ளான் பக்கம் முதல் ரயில் பாதை ஓடத் தொடங்கியதும், தண்டவாளம் போடவும் பட்டறையில் உழைக்கவும் தமிழகத்திலிருந்து வந்தவர்களும், நிலையங்களில் எழுத்தர்களாகப் பணியாற்ற யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களும் இங்கேயே குடியமர்ந்தார்கள். இன்றைய கே.எல். சென்ட்ரல் நிலையமே அந்தப் பழைய ரயில்வே நிலத்தின் மீதுதான் 2001-இல் திறக்கப்பட்டது. வந்திறங்கும் உறவினரின் காலடியில், நம் பாட்டன்மார் வேலை செய்த இடம் இருக்கிறது. இதைச் சொல்லிக் கூட்டிச் சென்றால், துன் சம்பந்தன் சாலையில் இருக்கும் பூக்கடையும் புடவைக்கடையும் "நம்ம ஊர் மாதிரியே இருக்கே" என்ற ஒற்றை வாக்கியத்தோடு முடிந்துபோகாது. அந்தச் சாலைக்குப் பெயர் தந்த துன் வீ.தி. சம்பந்தன் 1955 முதல் 1973 வரை மலேசிய இந்தியக் காங்கிரஸின் (ம.இ.கா.) தலைவராக இருந்தவர் என்பதும், தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் தொழிலாளர்களின் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்க தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை 1960-இல் தொடங்கியவர் என்பதும் தமிழகத்திலிருந்து வருபவர்களுக்குப் பெரும்பாலும் புதிய செய்தியாகவே இருக்கும்.

கந்தசுவாமி கோயிலையும் விவேகானந்தா ஆசிரமத்தையும் நடந்தே பார்த்துவிடலாம். எட்டு மணி நேர இடைவேளைக்காரர்கள் இத்துடன் ஒரு வேளைச் சாப்பாட்டையும் முடித்துக்கொண்டு திரும்பிவிட வேண்டியதுதான். நேரம் கூடுதலாக உள்ளவர்கள் கே.எல். சென்ட்ரலில் எல்.ஆர்.டி. எனும் நகர ரயிலில் ஏறினால் அடுத்த நிலையம் பசார் செனி, அதற்கடுத்தது மஸ்ஜித் ஜாமேக். இந்த இரு நிலையங்களுக்கும் இடைப்பட்ட தூரம் நடக்கக்கூடியது. கோலாலம்பூரை அரை நாளில் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

பசார் செனியில் இறங்கிச் சில நிமிடம் நடந்தால் ஜாலான் துன் எச்.எஸ். லீயில் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில். கா. தம்புசாமி பிள்ளை 1873-இல் தோற்றுவித்த இக்கோயில் முதலில் அவர் குடும்பத்தின் வழிபாட்டிடமாக இருந்து, பின்னரே பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. பத்துமலையை முருகன் தலமாக்கியவரும் அவரே; தைப்பூசத்தையொட்டி வெள்ளி ரதம் புறப்படுவதும் இந்த வாசலிலிருந்துதான். பத்துமலைக்குப் போக நேரமில்லாத உறவினரிடம் இதைச் சொன்னால் அவர் மனம் சற்றே ஆறும். ஐந்து நிலைக் கோபுரத்தின் கீழே காலணி பார்த்துக்கொள்பவர் ஒருபுறம். மல்லிகைச் சரத்தை வாழையிலைத் துண்டில் மடித்துக் கொடுக்கும் பூக்காரம்மா மறுபுறம். தெருவின் எதிர்ச்சாரியில் குவான் தி சீனக் கோயிலில் தலைக்கு மேல் சுருள் சுருளாகத் தொங்கும் ஊதுவத்திகள் புகைந்துகொண்டிருக்கும். அம்மன் கோயிலில் திருநீறு பூசிக்கொண்டு அப்படியே தெருவைக் கடந்து அங்கே ஒரு வத்தி கொளுத்தும் நம் உள்ளூர்க்காரர்களைப் பார்த்து, ஊரிலிருந்து வருபவர்கள் வியந்துபோவதுண்டு. நமக்கு அது ஒரு வியப்பாகத் தோன்றுவதே இல்லை.

அங்கிருந்து 1937-இல் கட்டப்பட்ட நீலநிறச் சென்ட்ரல் மார்க்கெட்டைத் தாண்டி ஆற்றோரமாக நடந்தால், கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடும் முனை வருகிறது. ஊருக்குப் பெயர் தந்த அந்தச் சேற்று முகத்துவாரத்தில்தான் 1909-இல் திறக்கப்பட்ட மஸ்ஜித் ஜாமேக் நிற்கிறது. தொழுகை நேரங்கள் நீங்கலாக மற்ற வேளைகளில் உள்ளே சென்று பார்க்கலாம். உடலை மூடும் அங்கியை அவர்களே தருவார்கள். அருகிலுள்ள லெபோ அம்பாங் தெருவில் ஒரு காலத்தில் செட்டியார்களின் கிட்டங்கிகள் வரிசையாக இருந்தன. ஈயச் சுரங்கத்துக்கும் ரப்பர்த் தோட்டத்துக்கும் கடன் கொடுத்த அந்தப் பெட்டகசாலைகளைச் செட்டிநாட்டுப் பக்கத்திலிருந்து வரும் உறவினருக்குக் காட்டாமல் விட்டுவிடாதீர்கள். காரைக்குடி வீடுகளின் பணம் எங்கெல்லாம் ஈட்டப்பட்டது என்பதற்கு இத்தெருவும் ஒரு சாட்சி. ஆற்றுக்கு அக்கரையில் 1897-இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அப்துல் சமாட் கட்டடமும், அதற்கு எதிரே 1957 ஆகஸ்டு 30 நள்ளிரவில் பிரிட்டிஷ் கொடி இறக்கப்பட்ட மெர்டேக்கா சதுக்கமும் இருக்கின்றன. இத்தனையையும் அவசரமில்லாமல் பார்க்க மூன்று மணி நேரம் போதும். வெயிலைப் பொறுக்காதவர்கள் காலையிலேயே தொடங்க வேண்டும். பிற்பகலில் இடியுடன் மழை வருவதும் இங்கே வழக்கம்தான் என்பதால் ஒரு குடை கையில் இருக்கட்டும்.

பத்துமலை வேண்டும் என்பவர்களுக்கு ஒரு தனி வழி சொல்கிறேன். அவர்கள் கே.எல். சென்ட்ரல் வரை வரவே தேவையில்லை. விமான நிலையத்தில் எல்லா நிலையங்களிலும் நிற்கும் டிரான்சிட் ரயிலில் ஏறி பண்டார் தாசேக் செலாத்தானில் இறங்கினால், அங்கிருந்து கே.டி.எம். கொம்யூட்டர் ரயில் நேராகப் பத்துமலைக்குச் செல்கிறது; நிலையத்தைவிட்டு வெளியே வந்தால் கோயில் வளாகம்தான். 42.7 மீட்டர் உயர முருகன் சிலை 2006-இல் நிறுவப்பட்டது. 272 படிகளுக்கு இன்றைய வண்ணங்கள் வந்தது 2018-இல். படம் பிடிக்க வருபவர்களுக்கு இவை போதும். வேண்டுதலோடு வருபவர்களுக்கு நான் சொல்வது, கொம்யூட்டர் அடிக்கடி வருவதில்லை, ஒன்றைத் தவறவிட்டால் நெடுநேரம் மேடையிலேயே காத்திருக்க நேரும் என்பதுதான். போகும்போதே திரும்பும் ரயிலின் நேரத்தைப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். பத்து மணி நேரத்துக்குக் குறைவான இடைவேளையில் பத்துமலையை எண்ணவே வேண்டாம். போகிறவர்கள் அதை மட்டுமே வைத்துக்கொள்ள வேண்டும். கையில் நெகிழிப் பையோடு படியேறினால் குரங்குகள் வந்து பங்கு கேட்கும் என்பதையும் சொல்லி அனுப்புங்கள். தைப்பூசத்தையொட்டிய நாள்களில் மட்டும் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது.

இரட்டைக் கோபுரத்தை விட்டுவிடலாம் என்று நான் சொன்னால் வீட்டிலேயே எதிர்ப்பு எழுகிறது. 452 மீட்டர் உயரமும் 88 மாடிகளும் கொண்ட அதைப் பார்க்காமல் போனால் ஊரில் என்ன சொல்வார்கள் என்பது அவர்களின் கவலை. பார்க்கட்டும், மஸ்ஜித் ஜாமேக்கிலிருந்து எல்.ஆர்.டி.யில் மூன்றாவது நிலையம்தான் கே.எல்.சி.சி. பூங்காவில் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு அரை மணியில் திரும்பிவிடலாம். 41, 42-ஆம் மாடிகளை இணைக்கும் பாலத்துக்கும் 86-ஆம் மாடிக்கும் ஏறுவதற்குச் சீட்டில் குறித்த நேரத்துக்குக் காத்திருக்க வேண்டும் என்பதால், விமானம் பிடிக்க வேண்டியவர்களுக்கு அது ஒத்துவராது. அதன் கீழுள்ள பேரங்காடியில் இரண்டு மணி நேரத்தைக் கழிப்பது, என் கருத்தில், இடைவேளையை வீணடிப்பதற்குச் சமம். அதே கடைகள் அவர்கள் போய்ச் சேரும் சிட்னியிலும் இருக்கின்றன.

சாப்பாட்டு விஷயத்திலும் நம் வழக்கம் எனக்குப் புரிவதில்லை. நேற்றுவரை இட்லி சாப்பிட்டுவிட்டு வந்தவரை, இங்கே இறங்கியவுடன் இட்லிக் கடைக்கே அழைத்துச் செல்கிறோம். அவருக்கு ரொட்டி சானாயை வாங்கிக் கொடுங்கள். மாவை வீசி விசிறி மடிக்கும் கல்லின் அருகே உட்கார வையுங்கள். பரோட்டா என்றுதான் முதலில் சொல்வார், பருப்புச் சாம்பாரில் தோய்த்துச் சாப்பிட்ட பிறகு சும்மா இருப்பார். இலையில் மடித்த தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக், உயரத்திலிருந்து ஆற்றி நுரை கட்டிய தே தாரிக் தேநீர், வெயில் ஏறியதும் ஒரு கிண்ணம் குளிர்ந்த செண்டோல். நண்பகலில் பசித்தால் பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு. ஊரில் கிடைப்பதுதானே என்று தோன்றினாலும், மொறுமொறுப்பாகப் பொரித்த பாகற்காயும் மீன் குழம்பும் இங்கே வேறொரு வழியில் வளர்ந்தவை. இலையைத் தன் பக்கமாக மடிப்பதா, எதிர்ப்பக்கமாக மடிப்பதா என்ற வாதத்தை மட்டும் தொடங்கிவிடாதீர்கள், விமானம் போய்விடும்.

ஏழு மணி நேரத்துக்கும் குறைவாக இடைவேளை உள்ளவர்கள் நகரத்தை மறந்துவிட வேண்டும். ஆறேழு மணி நேரம் இருந்து, வெளியே வந்தே தீர வேண்டும் என்றால் புத்ராஜெயா இருக்கிறது. டிரான்சிட் ரயிலில் ஏறத்தாழ இருபது நிமிடம், பிறகு ஒரு குறுகிய கார் பயணம். ஏரிக்கரையில் ரோஜா நிறப் பள்ளிவாசலைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். நள்ளிரவில் இறங்கி விடியற்காலையில் ஏறுபவர்களை வீட்டுக்கு அழைத்து வந்து எழுப்பி வைத்துப் பேசிக்கொண்டிருக்காதீர்கள். இரண்டாம் முனையத்தில் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் படுக்கைகள் உள்ளன, தூங்கட்டும்.

இறுதியாக, 2026-ஐ மலேசியாவுக்கு வருகை தரும் ஆண்டாக அறிவித்து உலகெங்கும் விளம்பரம் செய்யப்படும் வேளையில், இரு கோரிக்கைகளை முன்வைக்க விரும்புகிறேன். கே.எல். சென்ட்ரலிலிருந்து பத்துமலை ரயிலின் மேடைக்குச் செல்லும் வழியைக் காட்டும் ஒரு தமிழ்ப் பலகை, நான் நடந்து செல்லும் பாதையில் இதுவரை என் கண்ணில் படவில்லை. "முருகன் கோயில் ரயில் எங்கப்பா?" என்று கேட்டுக்கொண்டு தவறான தளத்தில் நிற்கும் முதியவர்களை அடிக்கடி காண்கிறேன். வழி காட்டுபவர்கள் யாராவது எப்போதும் அங்கே நின்றுகொண்டிருக்க முடியாது. ஒரு பலகை நிற்கும். உரியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இரண்டாவது கோரிக்கை தங்களுக்கு. பள்ளி விடுமுறைக்கு முந்தைய ஞாயிறு பதிப்பில், வாசகர்கள் படம் பிடித்து ஊரிலுள்ள உறவினர்களுக்கு அனுப்பும் வகையில், அரைப் பக்க அளவில் ஒரு வழிகாட்டியைத் தமிழில் வெளியிட்டு உதவ வேண்டும். வெள்ளிக்கிழமை நண்பகலில் மஸ்ஜித் ஜாமேக்கில் பார்வையாளர்களுக்கு அனுமதியில்லை, திங்கட்கிழமையில் இரட்டைக் கோபுரத்தில் ஏற முடியாது என்ற குறிப்புகளையும், விமான நிலையத்துக்குச் செல்லும் கடைசி ரயிலின் நேரத்தையும் அதில் தவறாமல் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
பிரிக்பீல்ட்ஸ் வாசகர்,
கோலாலம்பூர்.